அப்பாவின் குரல் ஆட்டோவில் வந்தது

என் அப்பாவின் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சென்னை சாலிகிராமத்தில் எங்கள் தெருமுனையில், இரண்டு பெட்டிகளோடு ஆட்டோவிலிருந்து இறங்கி, "இவ்வளவு வேகம் உடலுக்கு நல்லதல்ல, நண்பரே" என்று ஓட்டுநரிடம் சொன்னது. குரல்தான் அப்பாவுடையது. வாய் ஒரு வெள்ளைக்காரருடையது. எண்பத்திரண்டு வயது, வாழைத்தண்டு நிறம், நீளமான காது. உதடு ஒன்று சொல்லி முடித்து அரை நொடி கழித்துத்தான் குரல் வந்து சேர்ந்தது.

இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறவர்கள் பிளந்துகொள்ளலாம். எங்கள் தெருவில் யாரும் பிளக்கவில்லை. எங்கள் தெருவில் கதாநாயகனுக்காக மாடியிலிருந்து குதிக்கிறவர் இருக்கிறார், கதாநாயகிக்காக அழுகிறவர் இருக்கிறார், படத்தில் வருகிற குழந்தைக்கெல்லாம் சிரிக்கிற அறுபது வயது அம்மா இருக்கிறார். ஒருத்தர் உடம்பில் இன்னொருத்தர் குரல் இருப்பது எங்களுக்கு வேலை, அதிசயம் இல்லை. இஸ்திரி வண்டி ஏழுமலை அண்ணன் மட்டும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"ஐயே, இது நம்ம ரெண்டரை மணி சீரியல் மருந்துக்கடைக்காரரு! இன்னா சார், இன்னும் சாவலியா நீங்க?"

"அதற்காகத்தான் வந்திருக்கிறேன்" என்றார் வெள்ளைக்காரர்.

நான் பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டவள், சுற்றி வளைக்கத் தெரியாது, விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பூங்கோதை. என் அப்பா தணிகாசலம் டப்பிங் கலைஞர். வந்தவர் பெயர் வெண்டெல் ஹாப்வுட். அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்ற மாநிலத்தில் சோளம் விளைவிக்கிறவர் வீட்டில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் பஸ் ஏறிக் கலிபோர்னியாவுக்குப் போய், அறுபது வருஷம் டிவியில் நடித்தவர். கதாநாயகனாக ஒருமுறைகூட இல்லை. இரண்டாவது போலீஸ்காரர், லாட்ஜ் சாவி எடுத்துத் தருகிறவர், "கோர்ட் கலைகிறது" என்று மட்டும் சொல்கிற நீதிபதி, பிணத்தின் மேல் துணியை இழுத்து மூடுகிற டாக்டர், சில சமயம் அந்தப் பிணம். நாற்பத்தோரு தடவை சுடப்பட்டிருக்கிறார், ஆறு தடவை கத்திக்குத்து, ஒருமுறை முதலை. அங்கே கடைத்தெருவில் ஜனங்கள் அவரை நிறுத்தி, "நீங்க என் ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தீங்களா? எங்கயோ பாத்திருக்கேன்" என்று கேட்பார்களாம். அவரும் ஆமாம் என்று சொல்லிவிடுவாராம்.

அவர் வந்த படம், தொடர் எல்லாம் தமிழுக்கு வந்தபோது, இருபத்திரண்டு வருஷமாக அவருக்குப் பேசியது என் அப்பா. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. கடைசியாக ஒரு சின்ன அமெரிக்க ஊரின் கதை, தினமும் மத்தியானம் இரண்டரைக்கு வந்தது. அதில் அவர் மருந்துக்கடைக்காரர். ஊரில் எல்லோருக்கும் மருந்து கொடுத்தவர் கடைசியில் தானே நோயில் விழுந்து, படுக்கையில், ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். அந்த இடத்தில் தொடர் நின்றுவிட்டது. ஏனென்றால் கடைசிப் பகுதிக்குப் பேசுவதற்குள், ஒருநாள் காலையில் என் அப்பாவின் தொண்டையை அறுத்து, குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். புற்று. வேறு ஒருவரை வைத்துப் பேசிப் பார்த்தார்கள், சேனலுக்கே பிடிக்கவில்லை. பழைய பகுதிகளையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். நாற்பது நாளாகத் தமிழ்நாட்டில் அந்த மனுஷன் வாயைத் திறந்தபடியே கிடந்தார்.

அதே காலையில் அமெரிக்காவில் வெண்டெல் சார் எழுந்து காபி கேட்டிருக்கிறார், தமிழ் வந்திருக்கிறது. நினைப்பது இங்கிலீஷ், வெளியே வருவது தமிழ்; காதில் விழுகிற தமிழும் புரிந்திருக்கிறது. நான்கு டாக்டர்கள் பார்த்தார்கள். கடைசியில் மளிகைக் கடையில் கல்லாவில் இருந்த விருத்தாசலத்துப் பெண் ஒருத்தி, "சார், இந்தக் குரல் எங்க அம்மா பாக்குற ரெண்டரை மணி சீரியல் குரல்" என்று சொல்லி, எங்கெங்கோ விசாரித்து, எங்கள் முகவரியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது என் விஷயம். ஆபரேஷனுக்கு முந்தின நாள், அப்பாவுக்குக் குரல் இருந்த கடைசி நாள், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூடவே அலைய ஆள் வேண்டும் என்று விட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. கணக்கும் புரியவில்லை, அது மீதி. அப்பா திட்டவில்லை. அன்று முழுக்க அம்மாவிடம் பேசினார், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பேசினார், நர்ஸுக்கு ஒரு பழைய வில்லன் மாதிரி சிரித்துக் காட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் குரலே இல்லை. ஆக, அப்பா எனக்கென்று விட்டுப்போன கடைசி வார்த்தை என்று ஒன்று கிடையாது. அம்மாவுக்கு இருக்கிறது. நர்ஸுக்குக்கூட இருக்கிறது. எனக்கு இல்லை. அதற்குப் பிறகு நாற்பது நாள் அவர் ஒரு நோட்டில் எழுதி எழுதிக் காட்டினார், அதிலும் எனக்கு "தண்ணி", "ஜன்னல்" அவ்வளவுதான்.

வெண்டெல் சார் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கழுத்தில் துண்டோடு நாற்காலியில் இருந்தார். எழுந்தார். தன் குரல் அந்த வாயிலிருந்து, "வணக்கம். தங்களுக்கு நான் நிறைய வேலை கொடுத்துவிட்டேன்" என்று சொல்வதைக் கேட்டார். பக்கத்தில் போய் அவருடைய தாடையைப் பிடித்து, கடைக்காரர் மாம்பழத்தைத் திருப்புகிற மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் அது தெரிந்தது.

டப்பிங்கில் ஒரு வழக்கம் உண்டு. நடிகர் முகம் தெரிகிறவரை உதட்டுக்கு ஏற்றபடிதான் பேச வேண்டும். 'ப', 'ம' வந்தால் உதடு மூட வேண்டும், ஒரு எழுத்து கூடக்கூடாது, குறையக்கூடாது. ஆனால் நடிகர் முதுகைக் காட்டிவிட்டால் உதடு தெரியாது, அந்த நொடிகள் பேசுகிறவருக்குச் சொந்தம். அங்கே அப்பா இஷ்டத்துக்குப் புகுந்துகொள்வார். அமெரிக்கப் போலீஸ்காரர் கதவைத் தாண்டிப் போகும்போது "வர்ட்டா, வூட்ல சொல்லிடு" என்பார். மூலத்தில் ஒன்றும் இருக்காது.

அதேதான் இங்கேயும். வெண்டெல் சார் நம்மைப் பார்த்துப் பேசினால் அவர் பேச்சு வரும், அப்பா டப்பிங்கில் பேசுகிற சுத்தத் தமிழில். அவர் நமக்கு முதுகைக் காட்டினால், அப்பா பக்கத்தில் இருந்தால், அப்பா மனதில் இருப்பது வரும், வீட்டுப் பேச்சாக.

அப்பா தாடையைத் திருப்பியதும் வெண்டெல் சாரின் முதுகு அம்மா பக்கம் வந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு அப்பாவின் முதல் பேச்சு இது: "கஸ்தூரி, நேத்து மோர்க்குழம்புல உப்பே இல்ல."

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். அழுதுகொண்டே, "நாப்பது நாள் கழிச்சு வாயத் தொறந்ததும் உப்பா? உப்புதானா உனக்கு?" என்று வெள்ளைக்காரர் முதுகில் ஒரு அடி போட்டாள். வெண்டெல் சார் திரும்பி, "அம்மணி, நான் குற்றமற்றவன்" என்றார்.

மறுநாளிலிருந்து தெருவே எங்கள் வீட்டில். சாரைச் சும்மா திருப்பிக்கொண்டிருந்தால் அவருக்குத் தலைசுற்றுகிறது என்று சலூன்காரர் தன் சுழல்நாற்காலியைத் தூக்கிவந்து கூடத்தில் போட்டார். முன்னால் உட்கார்ந்தவர்கள் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டார்கள், பின்னால் உட்கார்ந்தவர்கள் அப்பாவிடம் விட்ட சண்டைகளைத் தொடர்ந்தார்கள், ஒரே வாயில் முன்பக்கம் ஒரு பேச்சும் பின்பக்கம் ஒரு பேச்சும் ஒரே நேரத்தில் ஓடின, டேபிள் ஃபேன் மாதிரி மணிக்கொரு தடவை ஏழுமலை அண்ணன் காலால் நாற்காலியைத் தள்ளிப் பக்கம் மாற்றிவிடுவார், இந்தப் பக்கத்தவர்கள் "இன்னும் முடிக்கல அண்ணே" என்பார்கள், அந்தப் பக்கத்தவர்கள் "உங்க நேரம் முடிஞ்சுது" என்பார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்போது முறை வரும் என்றுதான் கேட்டார்கள்.

"தணிகா, என் சட்டையக் கருக்குனது யாரு, நீதான?" என்று, இஸ்திரி போடுகிறவரே சட்டையைக் கொடுத்தவர் மாதிரி, ஏழுமலை அண்ணன் பின்னால் நின்று வம்புக்கு இழுப்பார்.

"உன் சட்டைய நான் ஏன்டா கருக்கப் போறேன்? என் சட்டையத்தான் நீ கருக்குன. நீலக் கோடு போட்டது. இன்னும் வூட்ல கெடக்குது, பாக்குறியா?"

"பாத்தியா, பாத்தியா, மனுஷன் மறக்கல!" என்று அண்ணன் சந்தோஷத்தில் தொடையைத் தட்டுவார்.

ஒருநாள் வெண்டெல் சார் தன் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அப்பா, பின்பக்கம் இருந்தவர்களிடம், "இவரு லாட்ஜ்காரரா நடிச்ச அந்த வருஷம் இவருக்கு நெஞ்சுல ஏதோ கோளாறு. மூணு படி ஏறுனா மூச்சு முட்டி வார்த்த திக்கும். அதுக்கேத்த மாதிரி நானும் திக்கிப் பேசுனேன்" என்றார். பின்வரிசைக்காரர்கள் முன்பக்கம் வந்து அதை வெண்டெல் சாரிடம் சொன்னார்கள். அவர் நாற்காலியைத் தானே அப்பா பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "அது உண்மை. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. இயக்குநருக்குத் தெரியாது. படப்பிடிப்பில் ஒருவருக்கும் தெரியாது. உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது" என்றார். அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கிழவர்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோருக்கும் முறை வந்தது. எனக்கும் வந்தது. நான் பின்னால் போய் உட்கார்ந்தால் சத்தம் நின்றுவிடும். கரண்ட் போன ரேடியோ மாதிரி. முதல் நாள் காத்திருந்தேன். இரண்டாம் நாள், "அப்பா, நான்தான்" என்றேன். மூன்றாம் நாள், "பேசாட்டிப் போ, எனக்கென்ன" என்றேன். எதிரே நாற்காலியில் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நடுவில் புகுந்து, "குழந்தகிட்ட ஒரு வார்த்த பேசேன்யா" என்றால், அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ முணுமுணுப்பு வரும். அம்மா அதை எனக்குச் சொல்ல மாட்டாள். எங்கள் வீட்டில் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

எட்டாம் நாள் ஒலிப்பதிவாளர் ஜெபராஜ் அங்கிள் வந்தார். அப்பாவின் முக்கால்வாசி வேலை அவர் ஸ்டுடியோவில்தான் நடந்தது. காபி குடித்துக்கொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்: "ஒத்துக்கிட்ட வேலைய முடிக்காம விட்டா குரல் அலையும். எங்க ஃபீல்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அந்தக் கடைசி சீனை சார் வாயாலேயே பேசி முடிச்சிட்டா அவருக்கு அவர் இங்கிலீஷ் வந்துரும்."

"அப்ப இவரு குரல்?" என்றாள் அம்மா.

"முடிஞ்சிரும்மா. வேலை முடிஞ்சா முடிஞ்சதுதானே."

அப்பா நோட்டை எடுத்து, "வியாழக்கிழமை. காலை. ரெடி" என்று எழுதினார்.

நான் புதன்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவுக்கு டிபன் கொண்டுபோகிற சாக்கில் போய், கடைசிப் பகுதி இருந்த ஹார்ட் டிஸ்கை எடுத்துவந்து, எங்கள் வீட்டு அரிசி டிரம்மில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன். தப்புதான். அப்போதும் தெரியும். எனக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அது கிடைக்கும்வரை குரல் ஊரைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு. வியாழக்கிழமை ஸ்டுடியோவைத் தலைகீழாகப் புரட்டினார்கள். சேனலில் கேட்டதற்கு இன்னொரு பிரதி வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். நானும் கூடச்சேர்ந்து தேடினேன். மேஜைக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெண்டெல் சார் என்னைக் கூப்பிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் கை நடுங்கும். அமெரிக்காவில் அப்போது முந்தின நாள் சாயங்காலம். அவர் மனைவி ஜோன் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். கண் தெரியாது. நினைவும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தினமும் சாயங்காலம் கணவர் குரலைக் கேட்டால் அந்த ஒரு ஆளை மட்டும் அடையாளம் தெரியும். ஐம்பது நாளாக அந்தக் குரல் இல்லை.

போனில் ஒரு மெல்லிய கிழக் குரல், "ஹலோ?" என்றது.

"ஜோன், நான்தான். உன் வெண்டெல்" என்றார் அவர், என் அப்பாவின் குரலில்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ரொம்ப மரியாதையாக, "சாரி, ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. என் இங்கிலீஷுக்கு முப்பத்தெட்டு மார்க். அது எனக்குப் புரிந்தது.

வெண்டெல் சார் சிரித்தார். கண்ணீர் காதுவரை ஓடியது. "என்னைப் பலபேர் பலமுறை கொன்றிருக்கிறார்கள், மகளே. இவ்வளவு மரியாதையாக யாரும் கொன்றதில்லை."

நான் அடுக்களைக்குப் போனேன். அரிசியில் கையை விட்டேன். ஹார்ட் டிஸ்கைத் துடைத்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும் அப்பாவின் காலடியில் வைத்தேன். "நான்தான் எடுத்தேன்" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வெண்டெல் சார் நாற்காலியில் எனக்கு முதுகு காட்டித்தான் இருந்தார். அப்பாவால் அப்போது எதையும் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரு அரிசியைத் தட்டிவிட்டு, செருப்பைத் தேடினார்.

தெருவே ஸ்டுடியோவுக்குப் போனது. உள்ளே மைக்குக்குப் பக்கத்தில் அப்பா, மைக் முன்னால் வெண்டெல் சார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபராஜ் அங்கிள். மற்றவர்கள் வெளியே நடையில். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தால் யாரும் கதவைத் தொடக் கூடாது, நடை பழகும்போதே எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சட்டம் அது. வெளியே இருந்த சின்ன டிவியில் படத்தையும், கதவுக் கண்ணாடி வழியாக அவர்களையும் பார்த்தோம். அப்பா கையை உயர்த்தினால் வெண்டெல் சார் வாயில் குரல் உயரும். விரலை மடக்கினால் மூச்சு மடங்கும். ஒரு உதடுகூடத் தவறவில்லை. படுக்கையில் மருந்துக்கடைக்காரர் ஊர்க்காரர்களிடம் ஒவ்வொருவராக விடைபெற்றார். நடையில் ஏழுமலை அண்ணன் வாய்விட்டு அழுதார்.

பிறகு மருந்துக்கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பதினோரு நொடி, வெறும் முதுகு. பிறகு சாவு.

என்னால் நிற்க முடியவில்லை. பதினோரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும், எனக்கு ஒன்றுமே மிஞ்சாது. சிவப்பு விளக்காவது ஒன்றாவது. கதவைத் தள்ளித் திறந்துவிட்டேன்.

உள்ளே வெண்டெல் சாரும் திரும்பியிருந்தார். அறுபது வருஷப் பழக்கம், உடம்பை அசைக்காமல் அவருக்கு வசனம் வராது, திரையில் மருந்துக்கடைக்காரர் திரும்பியதும் தானும் திரும்பி, மைக்குக்கும் கதவுக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். அப்பா என்னைப் பார்த்தார். நேராக, ஐம்பது நாளில் முதல்தடவை. என் பின்னால் திறந்த கதவு வழியாகக் குளிர் ஏசிக் காற்றெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது, நடையில் இருக்கிறவர்களின் இருமலெல்லாம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"கோதை," என்றது என் அப்பாவின் குரல், நான் பள்ளிக்கூடத்தை விடுவதற்கு முன்னால் தினமும் கூப்பிட்ட அதே அலுப்போடு. "உள்ள வா. கதவச் சாத்து."

சாத்தினேன்.

இன்னும் ஆறு நொடி இருந்தது. அப்பா அதில் எதையும் போடவில்லை. வெற்றிடம் கிடைத்தால் விடாத மனுஷன், அன்று விட்டார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். ஆறு நொடியும் முடிந்தது.

வெண்டெல் சார் திரும்பி எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். இங்கிலீஷ். உதடும் சத்தமும் ஒன்றாக வந்தன. கீச்சென்ற, கொஞ்சம் மூக்கடைத்த சின்னக் குரல். இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு சின்னக் குரலா என்று எல்லோருக்கும் தோன்றியது. அவர் நடையிலேயே நின்று போன் போட்டார், நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்தக் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஜோன் அம்மா திட்டத் தொடங்கினார். விடாமல் பத்து நிமிஷம் திட்டினார். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் எங்கள் அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், அவளுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது.

அவர் கிளம்புகிற அன்று நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நன்றி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார். "உப்பு" என்றார். ஆட்டோ போய்விட்டது.

கடைசிப் பகுதி அடுத்த திங்கட்கிழமை இரண்டரைக்கு வந்தது. தமிழ்நாடு முழுக்க அமெரிக்க மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்து, "கோதை, உள்ள வா. கதவச் சாத்து" என்று சொல்லிவிட்டுச் செத்தார். யார் அந்தக் கோதை என்று சேனலுக்கு ஏகப்பட்ட பேர் எழுதிக் கேட்டார்கள். சின்ன வயதில் தொலைந்த மகள் என்றார்கள். எமனை அப்படிக் கூப்பிடுகிறார் என்றும் ஒருவர் எழுதினார். எங்கள் தெருவில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு டிவியைப் பார்த்தார்கள்.

ஏசிக் காற்று வெளியே போய்விடும் என்பதற்காகத்தான் அப்பா அதைச் சொன்னார். எனக்குத் தெரியும். அது போதும். திட்டும் இல்லாமல், மன்னிப்பும் இல்லாமல், மறுநாளும் இருக்கப்போகிறவளிடம் சொல்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார்.

ஜெபராஜ் அங்கிள் அந்த இடத்தில் எதையும் வெட்டவில்லை. "கதவச் சாத்து" முடிந்ததும், யாரும் கவனிக்காத அளவுக்கு, படத்தில் கதவே இல்லாத அந்த அறையில், டப் என்று ஒரு சத்தம் கேட்கும். அது நான்.